ஆறாவது பாட்டும் கடைசிப் பாதையும்

எங்கள் குழுவுக்கு உலக இசைக் குழு என்று பெயர் வைத்தவர் அக்கோடியன் அங்கிள்தான். மெல்பேர்ணில் இருந்த மகள் அவருக்கு அனுப்பிய கசெட் ஒன்றின் மட்டையில் அப்படி ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததாம். பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் மொத்தம் நாலு பேர். அந்த நாலு பேரில் தண்ணீர் கடந்து போய்வருகிறவர் றபான் அடிக்கிற நானா மட்டும்தான். அவரும் கடந்தது கிண்ணியாத் துறையை.

"உலகம் எங்க அங்கிள் இருக்கு, உங்கட ஹோலுக்குள்ளயா?" என்று கேட்டேன்.

"நீர் தமிழ், நான் பறங்கி, நானா முஸ்லிம், கந்தளாய்க்காரர் சிங்களம். இதுக்கு மேல உலகம் எங்கயாவது கிடந்தா எனக்கு எழுதி அனுப்பும், மகள்," என்றார் அவர்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலைப் பட்டினத்தில் சந்திக்குச் சந்தி ஆமியின் சோதனைச் சென்றி இருந்த காலம். நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வயலின் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. காது நல்ல காது, வாய் பொல்லாத வாய் என்று அம்மா சொல்லுவா. காதைப் பற்றிச் சொன்னதை மட்டும் அப்போது ஒத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் வயலின் பெட்டியோடு தெருவில் நடப்பது பெரிய தொல்லை. பெட்டியின் நீளமும் வளைவும் ஆமிக்காரருக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தும். பழகிய சென்றியில் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஆள் மாறினால் கதை முதலிலிருந்து தொடங்கும். ஒருநாள் துறைமுகத் தெருவில் அப்படித்தான் ஒரு புது ஆள். பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். பிறகு வில்லை எடுத்து என் கையில் தந்து, வாசி என்று சைகை காட்டினான்.

உச்சி வெயில். எனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தோடேயே ஒரு வர்ணத்தைத் தொடங்கினேன். வெயிலில் தந்தி எல்லாம் தளர்ந்து போயிருந்தது. இரண்டு வரி போவதற்குள் பின்னால் யாரோ தாளம் போடுவது கேட்டது. திரும்பிப் பார்த்தால், தொப்பியும் சாரமுமாக ஒரு மனிதர், தோளில் தொங்கிய உரப் பையின் மேல் விரலால் தட்டிக்கொண்டு நிற்கிறார். பைக்குள் என்ன என்று ஆமிக்காரன் அதட்ட, அவர் ஒரு றபானை வெளியே எடுத்தார். பெரிய சோற்றுத் தட்டின் அகலம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல். சரி, அதையும் அடி என்று ஆகிவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் நடுத்தெருவில் வாசித்துக்கொண்டிருந்தபோது வரிசையிலிருந்து கறுத்து உயர்ந்த ஒருவர் முன்னுக்கு வந்து ஆமிக்காரனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆமிக்காரன் சிரித்துவிட்டான். எங்களை விட்டுவிட்டான். அவர் சொன்னது என்னவென்று பிறகு விசாரித்தேன். இன்னும் அஞ்சு நிமிடம் இவர்களை வாசிக்கவிட்டால் கலியாணம் என்று சனம் கூடிவிடும், நீதான் பொம்பிளை மாப்பிள்ளை தேடவேண்டி வரும் என்றாராம். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். தொழிற்சாலை மூடிய பிறகு பட்டினத்துக்கு வந்து தண்ணீர்ப் பம்பு திருத்திக்கொண்டிருந்தார். ஊரில் விகாரைப் பெரஹரா ஊர்வலத்துக்கு இடுப்பில் பெறை மேளம் கட்டி அடிக்கிறவர்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் சென்றிக்கு எதிர்வீட்டு யன்னலைத் திறந்து, பெனியனோடு நின்ற ஒரு வயதான பறங்கி மனிதர், "பிள்ளை, உம்முடைய ரெண்டாம் தந்தி இறங்கிக் கிடக்குது!" என்று உரக்கச் சத்தம் போட்டார்.

அந்த வெயிலில், துவக்குக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறேன், இந்த மனிதர் சுருதி பார்க்கிறார். அடையாள அட்டையைத் திருப்பி வாங்கியதும் நேரே அவருடைய படலைக்குப் போனேன், நாலு கேள்வி கேட்க. சண்டை பார்க்கும் ஆசையில் மற்ற இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். அங்கிள் தன்னுடைய அக்கோடியனைத் தூக்கி வந்து ஒரு சுரத்தை அமர்த்தினார். அவர் சொன்னது சரி. தந்தி இறங்கித்தான் கிடந்தது. அவருடைய மனைவி, அன்ரி, எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தா. நான் அன்று பாடசாலைக்குத் திரும்பிப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறினாலும் நாங்கள் தவறவில்லை. இரண்டு மணிக்கு அங்கிளின் ஹோலில் கூடுவோம். கடற்காற்றில் றபானின் தோல் ஈரம் குடித்து நமுத்துப் போய்விடும். அதனால் நானா வந்ததும் நேரே குசினிக்குப் போய் அடுப்பில் தோலைக் காட்டிச் சூடாக்குவார். அன்ரிக்கு அது பிடிக்காது. பாண் சுடுகிற போறணை அடுப்பு சூடாகிற நேரத்தில் ஒரு ஆட்டுத்தோல் மணம் வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருநாள் பாண் கருகியதற்குப் பழி றபான் மேல் விழுந்தது. அடுத்த கிழமை நானா ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்து அன்ரியின் கையில் கொடுத்தார். அவருடைய தொழில் அதுதான். கிண்ணியாப் பக்கத்தில் தயிர் எடுத்துப் பட்டினத்துக் கடைகளுக்குப் போடுவது. அதன் பிறகு அன்ரியே அடுப்பை மூட்டி வைத்துக் காத்திருப்பா.

சண்டைக்குக் குறைவில்லை. நான் சங்கராபரணம் என்பேன், அங்கிள் சி மேஜர் என்பார். இரண்டும் ஒரே ஏழு சுரம்தான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. கண்டுபிடித்த பிறகும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எனக்கு என்ன பேரு வச்சாலும் சரிதான். எப்ப அடிக்கிற எண்டு மட்டும் சொல்லுங்க," என்றார் நானா.

அங்கிள் நாற்பது வருடம் மாதா கோயிலில் ஓர்கன் வாசித்தவர். பூசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதை நடுவில் தொடங்க ஏலாது என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தை எங்களுக்கும் போட்டார். நாங்கள் சேர்த்தது ஏழு பாட்டு. ஒரு காகிதத்தில் ஒன்றிலிருந்து ஏழுவரை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் முதலாவதில் தொடங்கி ஒழுங்காகப் போகவேண்டும். ஒருநாள் மூன்றாவதை விட்டுவிட்டு நாலுக்குப் போவோம் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் தோள்வாரைக் கழற்றி அக்கோடியனை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்துவிட்டார். மூன்றாவதை வாசித்தோம்.

ஆறாவது என்னுடையது. தனி வயலின். சங்கராபரண ஆலாபனை, அதற்குப் பிறகு நானா மெதுவாக வந்து சேர்ந்துகொள்வார். அதை எவ்வளவு நேரம் வாசிப்பேன் என்று அப்போது யாரும் கேட்டிருந்தால், பத்து நிமிடம் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். உண்மையில் இருபதுக்குக் குறைந்தது கிடையாது. சுரம் நன்றாக விழுந்தால் இருபத்தைந்து. மற்ற மூன்று பேரும் கதிரையில் சாய்ந்து பேசாமல் இருப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தக் கிழமையில் பார்த்த சென்றி, கூப்பன் வரிசை, பள்ளிக்கூடத்து அதிபர் எல்லாரும் அந்த இருபது நிமிடத்துக்கு என்னை விட்டுப் போய்விடுவார்கள்.

ஏழாவது நாலு பேருக்கும் பொது. றபான் தொடங்கும், பெறை பதில் சொல்லும், அக்கோடியன் பறங்கியரின் பைலா ஆட்டப் பாட்டுத் துள்ளலோடு நுழையும், மேலே என் வயலின் ஓடும். அது எங்கள் கையால் ஆக்கிய பாட்டு. அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் நாலு மணிக்கு நானா எழும்பிவிடுவார். அவருக்கு வீடு குறிஞ்சாக்கேணியில். பட்டினத்திலிருந்து பஸ்ஸில் துறைக்குப் போகவேண்டும். வழியில் இரண்டு இடத்தில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டுச் சோதிப்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் பாதை. சனத்தையும் சைக்கிளையும் லொறியையும் ஒன்றாய் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். கடைசிப் பாதை ஆறு மணிக்கு. அதோடு துறையை மூடிவிடுவார்கள். சில கிழமை என் ஆறாவது நடக்கும்போதே நானா எழும்புவார். சத்தம் கேட்காமல் றபானை உரப் பைக்குள் வைப்பார், வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் போடுவார். சில கிழமை ஏழாவதைத் தொடங்கிவைத்துவிட்டு, "நான் வாறன்," என்று போவார். மிச்சத்தை நாங்கள் மூன்று பேரும் வாசித்து, நான் தலையாட்டியதும் நிறுத்துவோம். தட்டில் மிச்சம் வைத்து எழும்புகிற மாதிரி இருக்கும் எனக்கு அவர் போவது. அந்த எரிச்சலை ஐந்து மாதம் சேர்த்து வைத்திருந்தேன்.

பிறகு கச்சேரி வந்தது. மாதா கோயில் சுவாமியார் மண்டபத்தை ஒரு ஞாயிறு மத்தியானம் தருவதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டுப் படிப்பிக்கிற இன்னொரு டீச்சர் இருந்தா. எங்கள் குழுவை அவ பைலாக் கோஷ்டி என்றுதான் சொல்லுவா, அதுவும் எனக்குக் கேட்கக்கூடியதாக. முதலாவது அழைப்பை அவவுக்குத்தான் கொடுத்தேன். ஆறாவதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

கச்சேரிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு பயிற்சியில், என்னைச் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி என்று கூப்பிடுகிற கந்தளாய்க்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நங்கி, நம்ம ஏழு நம்பர் முடியிறது எப்பிடி? நானா என்கிட்ட கேட்டது. எனக்கு சொல்லத் தெரியாது."

நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஐந்து மாதமாக ஒழுங்கு தவறாமல் முதலிலிருந்து வாசித்து வந்திருக்கிறோம். அந்த ஒழுங்கினாலேயே, ஏழாவதின் முடிவை நாலு பேரும் சேர்ந்து ஒருநாள்கூட வாசித்ததில்லை. அங்கிள் முதலில் சிரித்தார். பிறகு அன்ரி குசினிக்குள் இருந்து சிரித்தா. நானாவும் சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார். நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. றபானைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சேர்த்து வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"முடிவு வாசிக்க நேரமில்லாத ஆள் குழுவில என்னத்துக்கு நானா? ஒவ்வொரு கிழமையும் பாதியில எழும்பிப் போறியள். பெறை இருக்கு, அதை வச்சு நாங்கள் சமாளிப்பம். நீங்கள் வீட்டுக்குப் போங்கோ."

அங்கிள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் சுடுகிறது. நானா பையின் வாயைத் திரும்பவும் அவிழ்த்தார். பிறகு றபானை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"சரி டீச்சர். முடிவ வாசிப்பம்."

வாசித்தோம். கேட்டிருந்தால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். எனக்குப் பழக்கம், கடைசி வரியை மூன்று தரம் வாசித்து மூன்றாவதில் முடிப்பது. அங்கிள் முதலாவது தரத்திலேயே கோயிலில் ஆமென் சொல்கிற மாதிரி நீட்டி ஒரு சுரத்தை அமர்த்திவிட்டார். கந்தளாய்க்காரருக்கு முடிவென்றால் கை வலிக்கும்வரை ஓர் உருட்டு. அவர் உருட்டி முடித்து நெற்றியைத் துடைத்த பிறகு பார்த்தால் நானா இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன நானா, இன்னும் முடியேல்லையோ?" என்று அங்கிள் கேட்டார்.

"எங்கட பைத்துல பாட்டுப் படிக்கிற ஆக்கள் நிப்பாட்டினாத்தான் நாங்க நிப்பாட்டுற. இதுல ஒத்தரும் படிக்கல்ல. எத வச்சு நிப்பாட்டுற?"

அது நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றாய் முயன்று பார்த்தோம். அங்கிளின் நீட்டு, என் மூன்று தரம், பெறையின் உருட்டு எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாய் அடுக்கி, எல்லாரும் நிறுத்திய பிறகு றபானில் ஒரே ஓர் அடி என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். மிக நல்ல முடிவு. நானா எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார். ஆனால் இடைக்கிடை அவருடைய கண் மணிக்கூட்டுக்குப் போனது. நாலரைக்குப் போனது. ஐந்துக்குப் போனது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், "இன்னொருக்கா," என்று சொன்னேன்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அவர் அங்கிள் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. அங்கிளின் தொலைபேசி மாதக் கணக்கில் செத்துக் கிடந்தது. வேலை செய்திருந்தாலும் நானா இருந்த ஒழுங்கையில், அந்தத் தெருவிலேயே, அழைப்பை எடுக்க ஒருவரிடமும் தொலைபேசி இல்லை. ஓர் இரவுதானே என்று எண்ணிக்கொண்டு நான் வீட்டுக்குப் போய் நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் அங்கிளின் வீட்டை எட்டிப் பார்த்தேன். படலைக்குள்ளே, படியில் ஒரு பெண் இருந்தா. முக்காடு, கையில் இரண்டு தயிர்ச் சட்டி, காலில் சேறு காய்ந்திருந்தது. நானா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். அன்ரி கொடுத்த தேத்தண்ணியை அந்தப் பெண் தொடவில்லை. அவருடைய மனைவி என்று சொல்லாமலே தெரிந்தது.

"நீங்களா அந்த வயலின் டீச்சர்?" என்று கேட்டா.

"ஓம்."

"நேத்து அஞ்சு மணிக்குத் துறைக்கு வந்த நான். கடைசிப் பாதை வந்து, ஆக்கள் எல்லாம் இறங்கிப் போயிட்டாங்க. இவரு இல்ல. ஆமி வந்து ஊட்டுக்குப் போ எண்டு வெரட்டினாங்க. கடைசிப் பாதையில வராத ஆள எங்கட ஒழுங்கையில உசிரோட எண்ணுறல்ல, டீச்சர். போன வருசம் ரெண்டு பேரு அப்படித்தான் வரல்ல. இன்னும் வரல்ல."

குரலை உயர்த்தவே இல்லை. சாமான் விலை சொல்கிற குரலில் சொன்னா. தயிர்ச் சட்டியைப் பார்த்து, இதை ஏன் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வெறுங்கையோட வந்தா என்னத்துக்குப் போறாய் எண்டு சென்றியில கேப்பாங்க. புருசன்ட மய்யித்தத் தேடிப் போறன் எண்டா சொல்ற?"

"அவரை நிக்கச் சொன்னது நான்தான். பிழை என்ர."

"தெரியும். சொன்னாரு." சேறு காய்ந்த காலைப் படியில் தேய்த்தா. "மூணரைக்கு வெளிக்கிட்டா ஒரு பயமும் இல்ல. நாலு மணிக்கு வெளிக்கிட்டா பஸ்ஸும் பிந்தும், சோதினையும் பிந்தும், துறையில ஓடித்தான் பாதையப் புடிக்கணும். மூணரைக்கு வெளிக்கிடுங்க எண்டு ஒவ்வொரு கிழமையும் சொல்றன். கேக்குறாரில்ல. ஆறாம் பாட்டுக் கேக்கணுமாம். ஊட்டுக்கு வந்து சோத்துக்கு முன்னால இருந்து அத வாயால வாசிச்சுக் காட்டுறாரு."

நான் அந்தப் படியிலேயே அவவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். பாதியில் எழும்பிப் போகிற மனிதர் என்று ஐந்து மாதம் கறுவியிருந்தேன். அந்த மனிதர் எனக்காக ஒவ்வொரு ஞாயிறும் அரை மணித்தியாலம் பிந்தியிருக்கிறார். நேரத்தைத் தின்றது அவரில்லை, நான். வெட்கம் என்றால் என்ன என்று அன்று காலைதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. அவவின் கையைப் பிடித்து, கச்சேரி அன்று மூன்றரைக்கு அவர் மண்டபத்தை விட்டு வெளிக்கிடுவார், அது என் பொறுப்பு என்று சொன்னேன். அவ நம்பின மாதிரித் தெரியவில்லை. ஆனால் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தா.

நான் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் ஒலிவாங்கி இருந்தால் அதைக் கண்டு சும்மா போகிற மனிதர் கிடையாது. கச்சேரி இரண்டு மணிக்கு. இரண்டு மணிக்கு விளக்கேற்றினார்கள். சுவாமியார் பேசினார். மண்டபக் கமிட்டித் தலைவர் பேசினார். இளைப்பாறிய அதிபர் ஒருவர் நாலு வார்த்தை என்று சொல்லிக்கொண்டு ஏறி, உலகத்து இசைக்கெல்லாம் தோற்றுவாய் எது என்று தொடங்கினார். எனக்குப் பக்கத்தில் நானா றபானின் தோலை, அதற்கென்றே ஏற்றிய பெற்றோல்மக்ஸ் விளக்கின் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். அதிபர் இறங்கியபோது இரண்டே முக்கால்.

முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. சனம் நன்றாகக் கேட்டது. பெறைக்கு ஒரு பெரிய கைதட்டு. ஐந்தாவது முடிந்தபோது மூன்று பதினேழு. அடுத்தது என்னுடையது. முன் வரிசையில் வாய்ப்பாட்டு டீச்சர் மடியில் கையைக் கட்டிக்கொண்டு, இனிப் பார்ப்போம் என்கிற முகத்தோடு இருந்தா. அந்த முகத்துக்காக நான் கிழமைக் கணக்கில் தனியாகச் சாதகம் பண்ணியிருந்தேன். என் ஆலாபனையை இப்போது வாசித்தால் நானா ஏழாவதுக்கு இருக்க ஏலாது. ஏழாவதுக்கு இருந்தால் பாதைக்குப் போக ஏலாது.

அங்கிளின் பக்கம் குனிந்து, "அங்கிள், ஏழு," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. ஆறு என்று விரலால் காட்டினார்.

"ஆறில்லை. ஏழு. இப்ப."

நாற்பது வருடம் பூசை ஒழுங்கு தவறாத மனிதர். என் முகத்தையும் நானாவின் முகத்தையும் பார்த்தார். தோள்வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டு நானாவைப் பார்த்துத் தலையாட்டினார். றபான் தொடங்கியது. பெறை பதில் சொன்னது. மண்டபத்தின் பின்பக்கத்தில் யாரோ எழும்பி ஆடத் தொடங்கினார்கள். முடிவு வந்தது. அங்கிள் நீட்டினார், நான் மூன்று தரம் வாசித்தேன், பெறை உருண்டது, எல்லாரும் நிறுத்தினோம். நானா ஒரு கணம் பொறுத்து அந்த ஓர் அடியை அடித்தார். சனம் கத்தியது. கந்தளாய்க்காரர் என்னைப் பார்த்து, "நங்கி, முடிஞ்சது!" என்று குழந்தை மாதிரிச் சொன்னார்.

மூன்று இருபத்து மூன்று. நானா எழும்புவார் என்று பார்த்தேன். எழும்பவில்லை. றபானைப் பைக்குள் வைத்தார், பையை மடியில் வைத்தார், நாடியை உயர்த்தி என் வயலினைக் காட்டினார்.

"இன்னும் ஏழு நிமிசம் இருக்கு, டீச்சர்."

நான் வாசித்தேன். கண்ணை மூடவில்லை; சுவரில் மணிக்கூடு இருந்தது. வாய்ப்பாட்டு டீச்சருக்கென்று அடுக்கி வைத்திருந்த அலங்காரம் ஒன்றையும் எடுக்கவில்லை. மேல் ஸ்தாயியைத் தொட்டுவிட்டு இறங்கினேன். இருபத்தைந்து நிமிடத்தில் சொல்கிறதை ஏழு நிமிடத்தில் சொல்ல முடியாது. ஆகவே ஒரு சின்ன விஷயத்தை மட்டும், அவர் ஒருவருக்கு மட்டும், சொன்னேன். ஆதார சட்ஜத்தில் வில்லை நிறுத்தியபோது மூன்றரை. நானா எழும்பி நெஞ்சில் கையை வைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கக் கதவால் போய்விட்டார்.

"சின்னனா இருந்தாலும் பரவாயில்லை," என்றா வாய்ப்பாட்டு டீச்சர், எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் பத்து வசனம் இருந்தது. அவவிடம் மணி என்ன என்று மட்டும் கேட்டேன்.

வீட்டுக்குப் போய் முகம் கழுவினேன். ஐந்து மணி ஆனது. இப்போது இரண்டாவது சோதனையில் இறங்கி நடப்பார் என்று எண்ணினேன். ஐந்தரைக்குக் கடற்பக்கம் எங்கேயோ தொடர்ந்து வெடிச் சத்தம் கேட்டது. அது எந்த நாளும் கேட்கிற சத்தம்தான். வேறு நாளென்றால் தலையைக்கூடத் திருப்பியிருக்க மாட்டேன். அன்று எழும்பி வாசலுக்கு வந்து நின்றேன். எந்தத் திசை என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஆருக்கு இப்ப திசை தெரியும்? உள்ளுக்கு வா," என்றா அம்மா.

ஆறு மணி ஆனது. துறையை மூடியிருப்பார்கள். அவர் ஏறினாரா இல்லையா என்று அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை. கச்சேரி எப்படி என்று கேட்க வந்தவர்களை அம்மாவிடம் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். சேறு காய்ந்த அந்தக் கால்கள்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. அவ ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் நின்றிருக்கிறா, நான் கண்ணை மூடிக்கொண்டு சங்கராபரணத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது.

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேரே பஸ் நிலையத்துக்குப் போனேன். கிண்ணியாவிலிருந்து வரும் முதல் பஸ் அன்று பிந்தி எட்டு மணிக்குத்தான் வந்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தவன், வயலின் பெட்டியைக் கண்டதும் தூரத்திலிருந்தே சத்தம் போட்டான்.

"டீச்சர்! தயிர்க்கார நானா சேந்திட்டாரு. இண்டைக்குக் காலையில துறையில பொண்டாட்டியோட நிண்டு உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு. நேத்துத் துறைக்குப் போகக்குள்ள கடைசிப் பாதை வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்திச்சாம். ஆறாம் பாட்டக் குறைச்சுப் போட்டீங்களாம், அது காணாதாம், இன்னும் கேக்கணுமாம்!"

பஸ் நிலையத்தில் அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று நான் அழுதேன்.